மருந்தியல் அறிஞர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், அறிவியல் பயிலும் நம் இளைஞர்கட்கு ஓர் அறிஞரின் வாழ்க்கையை எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் நம் சமூகத்தில் தோன்றியவர் அல்லர், தமிழரும் அல்லர். எனினும் சென்னையில் பயின்றவர். பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தோற்றவர். பிறர் தந்த பொருளைக் கொண்டு கடல் கடந்தவர். புற்றுநோயை மருந்தால் எதிர்க்க இயலும் என்பதை உலகம் முதன்முதலில் கண்ட நிகழ்ச்சிகளுள் ஒன்று அவருடைய ஆய்வுக்கூடத்தில் பிறந்த மருந்தால் நேர்ந்தது. நோயுற்ற உயிரணுவின் உள்ளே தொழிற்படும் நொதி ஒன்றன் வாயை அடைத்து நோயை அடக்கும் அம்முறை, இன்று புற்றுநோயைக் கண்டறியவும் தீர்க்கவும் பயன்படும் பெருங்கலையாக வளர்ந்துள்ளது. அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரம் என்னும் ஊரில் 1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. மக்கள் எழுவர், வருவாயோ குறைவு. பதின்மூன்று வயதில், படிப்பால் ஆவதொன்றில்லை, காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் பொருள் சேரும் என்று கருதி வீட்டைவிட்டு வெளியேறினார் அச்சிறுவர். தாயார் வழியிலேயே அவரை மீட்டு வந்து மீண்டும் பள்ளியில் அமர்த்தினார். வெங்கம்மையார் கண்டிப்பு மிகுந்தவர். அவருடைய கண்டிப்பு இல்லாதிருந்தால் இவ்வரலாறு வாழைப்பழக் கூடையோடு முடிந்திருக்கும்.

மெட்ரிகுலேசன் தேர்வில் அவர் தேறவில்லை. மறுமுறையும் தேறவில்லை. சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறையே வெற்றி பெற்றார். பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ ஒரு பாடத்தில் தவறியவுடன், இனிப் படிப்பு நமக்கில்லை என்று திருப்பூருக்கும் கோவைக்கும் வேலை தேடிப் போய்விடும் பிள்ளைகளை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். அவர்தம் பெற்றோர் இச்செய்தியை மனத்திற் கொள்ள வேண்டும். பின்னர் மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பை முடித்த சுப்பாராவ் கணிதத்திலே ஈடுபாடுடையவராயினும், துறவு பூண்டு இராமகிருஷ்ண இயக்கத்தில் சேர்ந்துவிட விரும்பினார். தாயார் இசையவில்லை. முடிவில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1919ஆம் ஆண்டு மே மாதம் சேஷகிரி அம்மையாரை மணந்தார். மருத்துவப் படிப்பின் செலவைப் பெரும்பாலும் மாமனார் கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தி ஏற்றார்.

காந்தியடிகளின் அந்நியத் துணி விலக்கு இயக்கம் நாடெங்கும் பரவிய காலம் அது. சுப்பாராவ் அறுவை அறைக்கும் கதராடையிலேயே சென்றார். அறுவை மருத்துவப் பேராசிரியராயிருந்த பிராட்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயர்க்கு அது பிடிக்கவில்லை. ஏனைய பாடங்களில் நன்கு எழுதியும், முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் சுப்பாராவுக்குக் கிட்டவில்லை. அதனினும் குறைந்ததான எல்.எம்.எஸ். சான்றிதழே கிட்டியது. சென்னை அரசு மருத்துவப் பணியிலும் இடம் கிடைக்கவில்லை. அறிவைச் சோதிக்க வேண்டிய இடத்தில் ஆடையைச் சோதித்த அக்கொடுமை நமக்குப் புதிதன்று. பிறப்பைச் சோதித்த பள்ளிகளை நம் தாத்தாமார் அறிவர்.

இதற்கிடையே அவர்தம் குடும்பத்தில் பெருந்துயரம் ஒன்று நேர்ந்தது. வெப்ப நாடுகளில் காணப்படும் 'ஸ்புரூ' என்னும் கொடிய குடல் நோய்க்கு உடன்பிறந்தார் இருவர் எட்டு நாள் இடைவெளியில் பலியாயினர். உண்ணும் உணவின் சத்துகளைக் குடல் ஈர்த்துக்கொள்ள மாட்டாமல், உடல் மெலிந்து, குருதி வெளிறி, மனிதன் தேய்ந்து மடியும் நோய் அது. சுப்பாராவையும் அந்நோய் பற்றியது. சென்னையில் புகழ்பெற்றிருந்த ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையால் அவர் பிழைத்தார். அவ்வறிஞர் நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூற்றியல் ஆசிரியராகச் சில காலம் பணியாற்றினார். தம் குடும்பத்தை அழித்த நோயின் காரணத்தை அறிய வேண்டும் என்னும் வேட்கை அன்று முதல் அவரை விட்டு நீங்கவில்லை.

அமெரிக்கா செல்லப் பொருள் வேண்டுமே! மாமனார் ஒரு பகுதியைத் தந்தார். காக்கிநாடாவில் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் பெயரால் நிறுவப்பட்ட அறநிலையமும் கைகொடுத்தது. சத்தியலிங்க நாயக்கர் பர்மாவுக்குச் சென்று பெரும்பொருள் ஈட்டியவர். அப்பொருளைக் கல்விக்கும் அறத்திற்கும் எழுதி வைத்தவர். பர்மாப் பணம் என்றால் செட்டிநாட்டில் நமக்குத் தெரியாததன்று. அது மாளிகையாயிற்று, கோயில் திருப்பணியாயிற்று, வள்ளல் அழகப்பர் போன்றோர் கையில் கல்லூரியும் ஆயிற்று. அதே கடலுக்கு அப்பாலிருந்து வந்த பணத்தில் ஒரு சிறு பகுதி பட்டம் மறுக்கப்பட்ட இளைஞர் ஒருவருக்குக் கப்பற் கட்டணமாயிற்று. அண்ணல் அம்பேத்கர் பரோடா மன்னரின் உதவித்தொகையைக் கொண்டு 1913இல் நியூயார்க் நகருக்குச் சென்றதையும் இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம். உரிய நேரத்தில் ஒரு மாணவன் கைக்குச் சேரும் ஆயிரம் ரூபாய், காலங்கடந்து சேரும் இலட்சத்தினும் பெரிது.

1920களின் தொடக்கத்தில் சுப்பாராவ் பாஸ்டன் நகரை அடைந்து ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். மனைவியைத் தாய்நாட்டிலேயே விட்டுச் சென்றார். அவர் சென்ற பின் பிறந்த ஆண்மகவு ஓராண்டு நிறையுமுன்பே இறந்தது. அப்பிள்ளையின் முகத்தைத் தந்தை கண்டாரில்லை.

பாஸ்டனில் அவருடைய மருத்துவச் சான்றிதழ் மதிப்புப் பெறவில்லை. வயிற்றுப்பாட்டிற்காக அவர் மருத்துவமனை ஒன்றில் இரவு நேரப் பணியாளாய் அமர்ந்தார். நோயாளிகளின் மலசலக் கலங்களை அகற்றித் தூய்மை செய்வது அப்பணியுள் அடங்கும். இதனைப் படிக்கும் நம் மக்கள் ஒரு கணம் நிற்பர் என்பதை நாம் அறிவோம். இந்நாட்டில் அத்தொழிலைப் பிறப்பின் பெயரால் ஒரு கூட்டத்தார் தலையில் சுமத்தி, சுமத்தியதோடு அமையாது தீண்டவும் மறுத்தனர். அந்தணர் குலத்தில் பிறந்த சுப்பாராவ் அயல்நாட்டில் அதனைக் கூலிக்குச் செய்தார். பகலில் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தார். எவரும் அவரை விலக்கி வைக்கவில்லை. தொழில் இழிவன்று, அதனைச் சிலர்க்கே உரியதாய்ப் பூட்டிய ஏற்பாடே இழிவு என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. அவர் விரும்பியபோது அப்பணியை விட்டு வெளியேற முடிந்தது என்னும் வேறுபாட்டையும் நாம் மறைக்கவில்லை.

ஹார்வர்டில் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கே என்னும் பேராசிரியரின்கீழ் அவர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசின் அளவை நீலநிறத்தின் செறிவைக் கொண்டு கணக்கிடும் எளிய முறையொன்றை இருவரும் 1925இல் வெளியிட்டனர். ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை எனப்படும் அது, உயிர்வேதியியல் பயிலும் மாணவர் தலைமுறை தலைமுறையாக ஆய்வுக்கூடத்தில் செய்து பழகியது. அம்முறையையே கருவியாகக் கொண்டு தசைகளை ஆராய்ந்தபோது, 1927இல் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளையும், 1929இல் ஏ.டி.பி. என்னும் பொருளையும் கண்டனர். உயிருள்ள ஒவ்வோர் அணுவும் தன் ஆற்றலைச் செலவிடுவது ஏ.டி.பி. என்னும் நாணயத்தாலேயாகும். ஜெர்மானிய அறிஞர் லோமன் அதனைத் தனியே கண்டு அதே ஆண்டில் வெளியிட்டார். சுப்பாராவ் 1930இல் முனைவர் பட்டம் பெற்றார்.

ஆயினும் ஹார்வர்டு அவருக்கு நிலையான பேராசிரியப் பதவியைத் தரவில்லை. அவர் கண்டவற்றுட் சில வெளியிடப்படாமலேயே கிடந்தன. அதே ஆய்வுக்கூடத்தில் மாணவராயிருந்து பின்னாளில் நோபெல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், ஃபிஸ்கேயின் மனநிலை காரணமாக அவ்வாய்வுகள் வெளிச்சத்திற்கு வரவில்லை என்றும், பிறர் அவற்றை மீண்டும் கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும் பிற்காலத்தில் தெரிவித்துள்ளார். சுப்பாராவோ வழக்காடவில்லை, விளம்பரமும் தேடவில்லை. அவ்வடக்கத்தைப் பலர் புகழ்வர். நாம் அவ்வாறு முழுமையாகப் புகழ ஒருப்படோம். உழைத்தவன் பெயர் ஏட்டில் ஏறுவதும் நீதியின் ஒரு பகுதியே. அது ஏறாமற் போவதால் இழப்பவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர், அவரைப் பார்த்து வளரவேண்டிய பின்னோரும் ஆவர்.

அமெரிக்கச் சட்டமும் அவரை அயலாராகவே வைத்திருந்தது. 1923இல் பகத்சிங் திந்து என்னும் பஞ்சாபியர், தாம் உயர்சாதி ஆரியர் ஆதலின் வெள்ளையரோடு ஒப்பக் குடியுரிமைக்கு உரியர் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் வாதாடித் தோற்றார். கடலுக்கு இப்புறம் ஏணியாயிருந்த உயர்சாதிப் பெயர், கடலுக்கு அப்புறம் செல்லாக்காசாயிற்று. இந்தியர் அங்குக் குடியுரிமை பெற 1946இல்தான் சட்டம் இடந்தந்தது. சுப்பாராவ் அவ்வுரிமையைப் பெறாமலே மறைந்தார்.

1940ஆம் ஆண்டில் அவர் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தில் பெர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி மருந்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, பின்னர் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். இங்கேதான் அவர் வாழ்வின் பெரும்பணி நிகழ்ந்தது. அதனை விளங்கிக்கொள்ளச் சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1928 அளவில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்து, துணியாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுங்குருதிச் சோகைக்கு ஆளாவது ஏன் என்று ஆராய்ந்தார். நொதியத்திலிருந்து, அஃதாவது ஈஸ்ட்டிலிருந்து, எடுத்த சாறு அவர்களைக் குணப்படுத்தக் கண்டார். ஈரலிலும் கீரையிலும்கூட அப்பொருள் இருந்தது. 1941இல் டெக்சாஸ் அறிஞர்கள் கீரையிலிருந்து அதனைப் பிரித்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். ஆனால் டன் கணக்கில் கீரையைப் பிழிந்தால்தான் சிறு துளி கிட்டும் என்றால் ஏழைக்கு அது மருந்தாவது எங்ஙனம்? ஸ்புரூ நோயின் தீர்வை ஈரற்சாற்றில் நெடுங்காலமாகத் தேடி வந்த சுப்பாராவ், தம் குழுவினரை இப்பணியில் முடுக்கினார். 1945இல் அவர்கள் ஃபோலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கிக் காட்டினர். அது ஸ்புரூவுக்கும் மருந்தாயிற்று. இன்று கிராமச் செவிலியர் நம் வீட்டுக் கருவுற்ற பெண்களுக்கு இரும்புச்சத்தோடு சேர்த்துத் தரும் சிவப்பு மாத்திரையில் இருப்பது அந்த ஃபோலிக் அமிலமே. இம்மலரைப் படிக்கும் இளைஞருட் பலர் தாய் வயிற்றிலேயே சுப்பாராவின் கொடையை உண்டவராவர்.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர் இரத்தப் புற்றுநோயால் மடியும் குழந்தைகளைக் கண்டு வருந்திக் கொண்டிருந்தார். அந்நாளில் அந்நோய்க்கு மருந்தே இல்லை; நோய் அறியப்பட்ட சில வாரங்களில் அல்லது சில திங்களில் குழந்தை இறந்துவிடும். குருதிச் சோகையைப் போக்கும் ஃபோலிக் அமிலம் இந்நோயையும் தணிக்கக்கூடும் என்று கருதி, லெடர்லி தந்த ஃபோலிக் வகைப் பொருள்களை அவர் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, எலும்பு மச்சையில் புற்றணுக்களின் பெருக்கம் விரைவடைந்தது போலத் தோன்றியது. மற்றொருவராயின் அத்துடன் கைவிட்டிருப்பர். ஃபார்பர் அதனை மறுபுறம் திருப்பிச் சிந்தித்தார். இச்சத்து புற்றணுவை வளர்க்குமாயின், இச்சத்தை மறுத்தால் புற்றணு பட்டினியால் மடியாதோ? அவ்வாறு மறுக்கவல்ல போலிப் பொருள்களைச் சுப்பாராவின் குழுவினர் ஏற்கெனவே ஆக்கிக் கொண்டிருந்தனர். அவற்றுள் அமினாப்டெரின் என்பதை டோரிஸ் சீகர் என்னும் பெண் வேதியியலாளரும் உடன் பணியாற்றியோரும் உருவாக்கினர். 1947 டிசம்பர் இறுதியில் ஃபார்பர் அதனைப் பயன்படுத்தத் தொடங்கினார். 1948 சூன் மாதம் அவர் வெளியிட்ட கட்டுரையின்படி, மருந்து பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேரின் நோய் சில காலம் தணிந்தது. வீங்கிய மண்ணீரல் சுருங்கியது, குருதியணுக்கள் சீர்ப்பட்டன, படுத்த படுக்கையாய்க் கிடந்த குழந்தைகள் எழுந்து விளையாடினர்.

இம்மருந்து எங்ஙனம் தொழிற்படுகிறது? நம் உடலில் நிகழும் வேதிவினை ஒவ்வொன்றையும் ஒரு நொதி நடத்துகிறது. நொதியைப் பூட்டென்றும், அது பற்றும் பொருளைச் சாவியென்றும் கொள்வது அறிவியலார் வழக்கு. காரைக்குடிப் பெரிய வீடுகளின் தேக்குக் கதவுகளில் உள்ள பழைய பூட்டுகளை நாம் கண்டிருக்கிறோம். (அவ்வீடுகளுக்குச் சுண்ணாம்பு அரைத்தும் கல் சுமந்தும் உழைத்தோருள் நம் முன்னோரும் உண்டு, கதவு பூட்டப்பட்ட பின் உட்செல்லும் உரிமை அவர்களுக்கு இல்லாதிருந்தது என்பது வேறு செய்தி.) அப்பூட்டினுள் உரிய சாவியைப் போன்றே தோன்றும், ஆனால் ஒரே ஒரு பல் மாறிய சாவியொன்றை நுழைத்தால் என்னாகும்? அது நுழையும், ஆனால் திரும்பாது. இறுகச் சிக்கிக் கொண்டால் வெளியேயும் வராது. உண்மைச் சாவி கையிலிருந்தும் கதவைத் திறக்க வழியில்லை.

அமினாப்டெரின் அத்தகைய பொய்ச்சாவி. ஃபோலிக் அமிலத்தில் ஹைட்ராக்சில் தொகுதி இருக்கும் ஓரிடத்தில் இதில் அமினோ தொகுதி இருக்கிறது. முதன்மையான வேறுபாடு அவ்வளவே. உணவில் வரும் ஃபோலிக் அமிலம் அப்படியே பயன்படாது. டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்னும் நொதி அதனை மாற்றித் தந்தால்தான் உயிரணு தன் மரபுப்பொருளாகிய டி.என்.ஏ.வைப் புதிதாக ஆக்க முடியும். டி.என்.ஏ. ஆகாவிடில் ஓர் அணு இரண்டாகப் பிரிய இயலாது. அந்நொதியின் வாயில் மருந்து சென்று அமர்ந்துகொள்கிறது. இயற்கைச் சத்தைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. ஓயாது பிரிந்து பெருகும் புற்றணுவே இதனால் முதலில் மடிகிறது. தாக்கப்படும் நொதி இதுவென்று உறுதியாகத் தெரிந்தது 1958 அளவில்தான். பூட்டு எதுவென்று திட்டமாய் அறியுமுன்பே, சாவியின் வடிவத்தைக் கொண்டே சுப்பாராவின் குழுவினர் பொய்ச்சாவியைச் செய்துவிட்டனர்!

குறைகளையும் கூறுதல் வேண்டும். அக்குழந்தைகளுக்கு நோய் மீண்டும் வந்தது. மருந்து புற்றணுவை மட்டும் தாக்கவில்லை. விரைந்து பெருகும் இயல்புடைய வாயின் உட்தோல், குடல், எலும்பு மச்சை ஆகியவற்றையும் தாக்கியது. அமினாப்டெரினைச் சற்றே திருத்தியமைத்த மெதோட்ரெக்சேட் என்னும் மருந்து அதனினும் ஏற்றதாக இருந்தமையால் அதுவே நிலைத்தது. 1956இல் மின் சியூ லி, ராய் ஹெர்ட்ஸ் என்னும் மருத்துவர்கள், மகப்பேற்றோடு தொடர்புடைய கோரியோகார்சினோமா என்னும் புற்றுநோயை இம்மருந்தால் முற்றிலும் ஒழித்தனர். ஒரே மருந்தால் ஆகாத இரத்தப் புற்றுநோயை, 1960களில் பல மருந்துகளைக் கூட்டித் தந்து வெல்லத் தொடங்கினர். அக்கூட்டில் மெதோட்ரெக்சேட்டும், ஹிட்சிங்சும் கெர்ட்ரூட் எலியனும் ஆக்கிய மெர்காப்டோபூரினும், நம் வீட்டு முற்றங்களிலே பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படும் வின்கிறிஸ்டினும் இடம்பெற்றன. வசதி மிக்க நாடுகளில் குழந்தைகளைத் தாக்கும் முதன்மையான இரத்தப் புற்றுநோய் இன்று பத்தில் ஒன்பது பேருக்குக் குணமாகின்றது.

ஓர் எச்சரிக்கையும் இங்குத் தேவை. மெதோட்ரெக்சேட் மிகக் குறைந்த அளவில் முடக்குவாதத்திற்கும் தரப்படுகிறது. அந்நோய்க்கு உரியது வாரம் ஒரு முறை உண்ணும் மாத்திரை. அறியாது நாள்தோறும் உண்டு உயிரிழந்தோர் உண்டு. வீட்டில் முதியோர்க்கு இம்மருந்து எழுதப்பட்டிருப்பின், படித்த பிள்ளைகள் சீட்டை வாங்கி நன்கு படித்துச் சொல்வது கடமையாகும்.

சுப்பாராவின் ஆட்சியில் லெடர்லியிலிருந்து வெளிவந்தவை இவை மட்டுமல்ல. யானைக்கால் நோய்க்கு இன்றும் வழங்கப்படும் டையெத்தில்கார்பமசின் 1947இல் அங்கே பிறந்தது. நம் நாட்டில் 2004 முதல் அந்நோயை ஒழிக்க வீடுதோறும் வழங்கப்பட்ட மாத்திரை அதுவே. டெட்ராசைக்கிளின் வகை உயிர்க்கொல்லி மருந்துகளுள் முதலாவதாகிய ஆரியோமைசினை, அங்குப் பணியாற்றிய முதியவர் பெஞ்சமின் டக்கர் மண்ணிலிருந்து கண்டெடுத்தார். 1948இல் அஃது உலகிற்கு அறிவிக்கப்பட்டது.

அவ்வாண்டு சூலை 25ஆம் நாள் நம் காரைக்குடியில் பண்டித நேரு மத்திய மின்வேதியியல் ஆய்வகத்திற்கு அடிக்கல் நாட்டினார். வள்ளல் அழகப்பர் நிலமும் பொருளும் வழங்கினார். விடுதலை பெற்ற இந்தியாவில், வேதியியல் ஆய்வுக்கென்று செம்மண் பொட்டலில் ஒரு கூடம் எழத் தொடங்கிய அந்நாளிலிருந்து இரு வாரங்களே கழிந்தன. ஆகஸ்டு 8ஆம் நாள் இரவு பெர்ல் ரிவரில் உறங்கச் சென்ற சுப்பாராவ் உறக்கத்திலேயே மாரடைப்பால் மறைந்தார். வயது 53. ஃபார்பரின் கட்டுரை வெளியாகி இரண்டு திங்களே ஆகியிருந்தன. தாய்நாட்டை விட்டுச் சென்றவர் ஒருமுறையும் திரும்பி வரவில்லை. சேஷகிரி அம்மையார் கணவரை மீண்டும் காணவில்லை. இந்திய அரசு அவர்தம் நூற்றாண்டாகிய 1995இல் அஞ்சல்தலை வெளியிட்டது. உடன் பணிபுரிந்த அறிவியலார் ஒரு வகைப் பூஞ்சைக்குச் சுப்பாரோமைசிஸ் என்று அவர் பெயரைச் சூட்டினர்.

அவர் மறைந்த பின் அவ்வழி எத்துணைத் தொலைவு சென்றுள்ளது என்பதை அறிவியல் மாணவர் அறிதல் வேண்டும். மெதோட்ரெக்சேட் அடைக்கும் நொதி எல்லா உயிரணுவிலும் இருப்பது. ஆகவேதான் நல்லணுவுக்கும் தீங்கு. புற்றணுவில் மட்டும் பிறழ்ந்து தொழிற்படும் நொதியைக் கண்டு அதன் வாயை மட்டும் அடைக்கலாகாதா என்னும் வினா எழுந்தது. நாட்பட்ட இரத்தப் புற்றுநோயின் ஒரு வகையில் அத்தகைய நொதி கிடைத்தது. அது ஏ.டி.பி.யைப் பற்றிக்கொண்டு ஓயாது தொழிற்படும் நொதி. அந்த ஏ.டி.பி. அமரும் குழியிலேயே சென்று அமரும் இமாட்டினிப் என்னும் மருந்து 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பலர் அதனைப் பல்லாண்டு உண்டு வாழ்கின்றனர். அதன் விலையோ முதலில் ஏழைகள் எட்ட இயலாதது. அம்மருந்தின் திருத்திய வடிவத்திற்குக் காப்புரிமை கோரிய நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் வழக்கை நம் உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் முதல் நாள் தள்ளுபடி செய்தது. இந்திய நிறுவனங்கள் மலிவாக அதனை ஆக்கும் வழி நிலைபெற்றது. மருந்து கண்டுபிடிக்கப்பட்டால் மட்டும் போதாது, அது குடிசைக்கு வந்து சேரவும் வேண்டும் என்பதால் இவ்வழக்கைச் சட்டம் பயிலும் நம் மாணவரும் கற்க வேண்டும் என்போம்.

நோயைக் கண்டறிவதிலும் இப்பொய்ச்சாவி பயன்படத் தொடங்கிவிட்டது. முதிய ஆடவரைப் பற்றும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றணுக்களின் மேற்பரப்பில் பி.எஸ்.எம்.ஏ. என்னும் நொதி மிகுதியாக முளைத்திருக்கும். அதன் வாயில் சென்று பொருந்தும் சிறு மூலக்கூறு ஒன்றை அறிஞர்கள் ஆக்கினர். அதனோடு கேலியம்-68 என்னும் கதிரியக்கத் தனிமத்தைப் பிணைத்து ஊசிவழிச் செலுத்தினால், உடலில் அந்நொதி மிகுந்த இடங்களில் எல்லாம் அது சென்று தங்கி ஒளிவிடும். பெட் ஸ்கேன் கருவி அதனைப் படமாக்கும். எலும்பின் உள்ளே மறைந்திருக்கும் சிறு புற்றும் புலப்படுகிறது. கேலியம்-68 சுமார் 68 நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடுவதால் தீங்கு குறைவு. இவ்வகை மூலக்கூறிலேயே கேலியத்தை நீக்கி லுட்டீஷியம்-177 என்பதைப் பிணைத்தால், பார்ப்பதற்குப் பயன்பட்டதே தாக்குவதற்கும் பயன்படுகிறது. சில நாள்கள் அங்கேயே தங்கித் தன் கதிரால் புற்றணுவை எரிக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் முன்னதற்கு 2020 டிசம்பரிலும், பின்னதற்கு 2022 மார்ச்சிலும் ஒப்புதல் வழங்கியது. நம் நாட்டில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையிலும் பிற பெருமருத்துவமனைகளிலும் இம்மருத்துவம் செய்யப்படுகிறது.

அந்த பி.எஸ்.எம்.ஏ. நொதிக்கு ஃபோலேட் ஹைட்ரோலேஸ் என்று மற்றொரு பெயரும் உண்டு. உணவில் வரும் ஃபோலேட்டின் நீண்ட குளுட்டமேட் வாலை அரிந்து, குடல் அதனை ஈர்த்துக்கொள்ளும்படி செய்வது சிறுகுடலில் அதன் இயற்கைத் தொழில். ஸ்புரூ நோய் சிறுகுடலின் அவ்வுட்சுவரையே சிதைக்கிறது. சுப்பாராவின் உடன்பிறந்தார் இருவரை எட்டு நாளில் கொண்டுபோன நோய் அதுவே.